ஓங்கி அழுத்தினாலும் உரக்காத கருவி

ஒன்பதாம் வகுப்பில் ஒலி பாடம் நடத்தும்போது, காலை வழிபாட்டுக்குப் பயன்படும் கீபோர்டை வகுப்பறைக்கு எடுத்துச் சென்றேன். பியானோ ஒலியில் வைத்து மெதுவாக அழுத்தினால் மெல்லிய ஒலி, ஓங்கி அழுத்தினால் உரத்த ஒலி. வீச்சையும் உரப்பையும் விளக்க இது போதும். இடையில் ஒரு மாணவன் பொத்தானைத் தட்டி ஹார்ப்சிகார்ட் ஒலிக்கு மாற்றிவிட்டான். அதன்பின் எவ்வளவு ஓங்கி அழுத்தியும் ஒலி ஒரே அளவில்தான் வந்தது. “சார், ரிப்பேர் ஆயிடுச்சு” என்று பயந்துபோனான்.

ரிப்பேர் இல்லை. அந்தக் கருவியின் இயல்பே அதுதான். 16 முதல் 18ஆம் நூற்றாண்டு வரை ஐரோப்பாவில் புகழோடு இருந்த ஹார்ப்சிகார்டில் ஒரு கட்டையை அழுத்தினால், அதன் மறுமுனையில் நிற்கும் மெல்லிய மரச்சட்டம் மேலெழும். அதில் செருகிய பறவை இறகின் தண்டு கம்பியை மீட்டிவிட்டு நழுவும். நழுவும் முன் கம்பி எவ்வளவு வளையும் என்பதைத் தண்டின் விறைப்பே பெரிதும் முடிவு செய்கிறது; விரலின் வேகத்துக்கு அதில் பங்கு குறைவு. ஆகவே வீச்சு ஏறக்குறைய மாறாது. பியானோவிலோ சுத்தியல் கம்பியை அடிக்கிறது. சுத்தியலின் வேகம் கூடினால் வீச்சும் கூடும். 1700ஐ ஒட்டி புளோரன்ஸ் நகரில் கிறிஸ்டோபோரி உருவாக்கிய இந்தப் புதுக்கருவி பரவப் பரவ, பழையது மூலைக்குப் போனது.

அதை மீட்டவர்களில் முதன்மையானவர் வாண்டா லான்டோவ்ஸ்கா. அவருக்காகப் பாரிஸின் பிளேயல் நிறுவனம் 1912இல் பெரிய ஹார்ப்சிகார்ட் ஒன்றை வெளியிட்டது. ஆனால் அது பியானோ செய்பவர்களின் கை வேலை. இரும்புச் சட்டம், ஒலிவகையை நொடியில் மாற்றக் கால்மிதிகள், அடித்தொனிக்கு ஒரு தனிக் கம்பி வரிசை. இந்தக் கருவியை மனத்தில் வைத்துத்தான் ஸ்பெயினின் மானுவேல் தே ஃபாயா தம் கான்செர்ட்டோவை எழுதினார். 1926இல் பார்சிலோனாவில் லான்டோவ்ஸ்காவே அதை அரங்கேற்றினார். துணைக்குப் புல்லாங்குழல், ஓபோ, கிளாரினெட், வயலின், செல்லோ என ஐந்தே கருவிகள். உரக்க முடியாத கருவியைப் பெரிய குழு மூழ்கடித்துவிடும் அல்லவா!

1949இல் பாஸ்டனில் பட்டறை தொடங்கிய ஹப்பர்டும் டவ்டும் பழைய கருவிகளை நுணுக்கமாக ஆராய்ந்து, இரும்பைக் கைவிட்டு மரத்தாலேயே செய்தார்கள். மீட்டுருவாக்கம் என்றால் இதுதான். ஆனால் இங்கே ஒரு சிக்கல் முளைத்தது. ஃபாயா எண்ணிய கால்மிதிகள் இவற்றில் இல்லை. பழைமைக்கு உண்மையான கருவியில் வாசித்தால் ஃபாயாவின் இசை குறைபடுகிறது. பிளேயல் கருவியைப் ‘போலி’ என்று ஒதுக்குவோர் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. 1926இன் இசைக்கு அதுவே வரலாற்றுக் கருவி.

ஜார்ஜ் லிகெட்டி வேறு வழியில் போனார். 1968இல் எழுதிய ‘கண்டினூம்’ நான்கு நிமிடத்துக்கும் குறைவான இசை. தனித்தனிச் சுரங்கள் ஒன்றோடொன்று கலந்து ஒரே நீரோட்டமாகக் கேட்கும் அளவுக்கு அதை மிக விரைவாக வாசிக்க வேண்டும். சட்டென்று மீட்டி உடனே தேயும் ஒலி என்பதால்தான் இது முடிகிறது. கருவியில் இரண்டு கட்டை வரிசைகள் இருப்பதால், இரு கைகளும் ஒரே சுரங்களில் இடிக்காமல் ஓடலாம். கருவியின் குறை என்று எண்ணியதை அவர் பொருளாகவே எடுத்துக்கொண்டார்.

மறுவகுப்பில், ஹார்ப்சிகார்ட் ஒலியிலேயே எட்டு அடி மெட்டு ஒன்று அமைக்கச் சொன்னேன். நிபந்தனை ஒன்றே: ஐந்தாம் அடி மட்டும் அழுத்தமாகத் தெரிய வேண்டும். ஒரு குழு அங்கே மூன்று சுரங்களைச் சேர்த்து அழுத்தியது. இன்னொரு குழு அதற்குமுன் ஒரு கணம் மௌனம் விட்டது. பயந்துபோன மாணவன் ஒரே சுரத்தைப் படபடவென்று தட்டினான். அந்தக் கால வாசிப்பாளர்களும் ஏறக்குறைய இவற்றையே செய்தார்கள் என்றபோது, அவன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

கீபோர்டு இல்லாத பள்ளியில் ஆர்மோனியம் உதவாது. துருத்தியை வேகமாக அசைத்தால் ஒலி பெருகிவிடும். சாக்பீஸ் பெட்டியில் ரப்பர் பேண்டைக் கட்டி, பக்கத்தில் அளவுகோல் வைத்து, ஒவ்வொரு முறையும் ஒரு செ.மீ. மட்டும் இழுத்து விடச் சொல்லுங்கள். மெதுவாக இழுத்தாலும் வேகமாக இழுத்தாலும் ஒலி ஏறக்குறைய ஒன்றே.