எந்த மாதம் பயணம்?

வெளிநாட்டில் மேற்படிப்புக்கு இடம் கிடைத்த தம்பி தங்கையர் என்னைப் பார்க்கும்போதெல்லாம் கேட்பார்கள்: "அண்ணா, செப்டம்பரில் போகலாமா, ஜனவரியில் போகலாமா?" எந்தப் பல்கலைக்கழகம், கட்டணம் எவ்வளவு என்று ஆறு மாதம் அலசியவர்கள், மாதத்தை மட்டும் விமானச் சீட்டின் விலையைப் பார்த்து முடிவு செய்துவிடுகிறார்கள். நான் அதைக்கூடப் பார்க்கவில்லை. இங்கிலாந்தின் வடபகுதியிலுள்ள லீட்ஸ் நகரில் முதுகலை படிக்க 2012 செப்டம்பரில் இடம் கிடைத்தது. 2013 ஜனவரிக்குத் தள்ளிப் போட்டேன்.

காரணம் என் பாட்டி. "தீபாவளி முடியட்டும் ஐயா" என்றார். தீபாவளி முடிந்தது, மார்கழி வந்தது. "மார்கழியில யாராச்சும் வீட்ட விட்டுக் கிளம்புவாங்களா? தை பிறக்கட்டும்" என்றார். தை முதல் நாள் ஜனவரி 14. வகுப்புகளோ அதற்கு முந்திய வாரமே தொடங்கிவிட்டன. பொங்கல் வைத்துச் சாப்பிட்டு, 17ஆம் தேதி விமானம் ஏறினேன். போய்ச் சேர்ந்தபோது அறிமுக வாரம் முடிந்திருந்தது. நல்ல அறைகளைச் செப்டம்பரில் வந்தவர்கள் எடுத்துக்கொண்டிருந்தார்கள். எனக்குக் கிடைத்தது வடக்குப் பார்த்த அறை. ஜன்னலுக்கு வெளியே பக்கத்துக் கட்டடத்தின் செங்கல் சுவர்.

குளிருக்கு எல்லாரும் தயாராகித்தான் போகிறோம். இருட்டைப் பற்றி என்னிடம் யாரும் சொல்லவில்லை. கோலாலம்பூர் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 3 பாகையில் இருக்கிறது. ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இங்கே வேறுபாடு ஏறத்தாழ 20 நிமிடம்தான். லீட்ஸ் ஏறத்தாழ 54 பாகையில் இருக்கிறது. அங்கே ஜூன் மாதத்தில் பகல் 17 மணி நேரம். டிசம்பர் இறுதியில் ஏழரை மணி நேரம். பூமியின் அச்சு சாய்ந்திருப்பதைப் பள்ளியில் படித்து, அதற்குப் புள்ளியும் வாங்கியவன்தான் நான்!

நான் இறங்கிய வாரத்தில் காலை எட்டு மணிக்கு மேல்தான் சூரியன் உதித்தது, நாலரைக்குள் மறைந்தது. குளிர்காலத்தில் மலேசிய நேரம் 8 மணி நேரம் முன்னால் இருக்கும். அங்கே இருட்டிக்கொண்டு வந்து, யாரிடமாவது பேச மாட்டோமா என்று மனம் தவிக்கும்போது, இங்கே நள்ளிரவு தாண்டி எல்லாரும் உறங்கிக்கொண்டிருப்பார்கள். மூன்றாவது வாரம், ஊர் திரும்பும் சீட்டு என்ன விலை என்று விசாரித்தேன். அம்மாவுக்கு இன்றுவரை தெரியாது.

செப்டம்பரில் போயிருந்தால்? செப்டம்பர் 22, 23 வாக்கில் உலகமெங்கும் பகலும் இரவும் ஏறக்குறையச் சமம். அந்த நாள்களில் லீட்ஸில் சூரியன் உதிப்பதும் மறைவதும் ஏழு மணியை ஒட்டித்தான், கோலாலம்பூரில் போலவே. அதன்பின் பகல் நாளுக்கு ஏறத்தாழ 4 நிமிடம் குறையும். அக்டோபர் கடைசி ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுவார்கள். அதற்குள் நான்கு நண்பர்கள் கிடைத்திருப்பார்கள். அரிசி எந்தக் கடையில் விற்கிறது என்பதும் தெரிந்திருக்கும். இருட்டு வரும்போது நாம் புதியவர்களாக இருக்க மாட்டோம்.

பஞ்சாங்கத்தை எடுத்துப் பார்த்தபோது எனக்கே வியப்பு. ஆடி, புரட்டாசி, மார்கழி ஆகிய மாதங்களில் வீடு மாறப் பெரியவர்கள் சம்மதிப்பதில்லை. ஆவணிக்குத் தடையில்லை. ஆவணி ஆகஸ்டு நடுவிலிருந்து செப்டம்பர் நடுவரை. ஆறு மாதத்துக்கு மேற்பட்ட படிப்பென்றால், தொடங்கும் நாளுக்கு ஒரு மாதம் முன்பிருந்தே பிரிட்டனுக்குள் நுழைய மாணவர் விசா இடம் தருகிறது. ஆகவே செப்டம்பர் முதல் வாரம் புறப்பட்டால் பாட்டிமார்களும் மறுப்புச் சொல்ல மாட்டார்கள். ஆஸ்திரேலியாவுக்குப் போகிறவர்களுக்கு இந்தச் சிக்கலே கிடையாது. அங்கே பல பல்கலைக்கழகங்களில் கல்வியாண்டு பிப்ரவரி இறுதியில் அல்லது மார்ச்சில் தொடங்குகிறது. நமக்கு மாசி மாதம், அவர்களுக்குக் கோடை முடியும் காலம். மெல்பர்னுக்கும் நமக்கும் நேர வேறுபாடு மூன்று மணிக்கு மேல் போகாது.

செப்டம்பருக்கும் ஒரு விலை உண்டு. போன கையோடு முதல் தீபாவளியை இழக்க வேண்டும். நான் இழக்கவில்லை. 2012 தீபாவளிக்குப் பாட்டியின் கையால் தலையில் எண்ணெய் வைத்துக்கொண்டேன். அடுத்த ஆண்டு அக்டோபரில், தீபாவளிக்கு முன்பே அவர் காலமானார். நான் லீட்ஸில் இருந்தேன். எனவே "ஜனவரி தவறு" என்று எவரிடமும் என்னால் அடித்துச் சொல்ல முடிவதில்லை. வீட்டில் எண்பது வயதைத் தாண்டியவர் இருக்கிறாரா என்று கேட்டுவிட்டுத்தான் பதில் சொல்கிறேன்.

ஜனவரியில்தான் போகவேண்டும் என்றால், மார்கழி என்று தயங்காமல் அறிமுக வாரத்துக்கு முன்பே போய்ச் சேருங்கள். தெற்குப் பார்த்த ஜன்னலுள்ள அறையாகக் கேளுங்கள். அங்கே குளிர்கால வெயில் தெற்கிலிருந்துதான் தாழ்வாக வரும். பகல் நாளுக்கு நாள் நீளும் என்பது ஜனவரியில் போகிறவருக்கு மட்டுமே கிடைக்கும் ஆறுதல். வீட்டுக்கு மாலையில் அழைக்காதீர்கள். வகுப்புக்கு முன், காலை எட்டு மணிக்கு அழையுங்கள். இங்கே அப்போது மாலை நான்கு. நான்காவது வாரத்திலிருந்து நான் அப்படித்தான் செய்தேன். மூன்றே முக்காலுக்கெல்லாம் தேநீரைக் கலக்கி வைத்துக்கொண்டு, பாட்டி தொலைபேசிக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொள்வாராம்.