நிகான் டி7200 வாங்கப் போறியா? அக்கா சொல்றதைக் கேட்டுட்டு முடிவு பண்ணு

கல்யாணம், காதுகுத்து, வளைகாப்புன்னு படம் எடுத்து நாலு காசு பார்க்கணும்னு நினைக்கிற தங்கச்சிங்க என்கிட்ட அடிக்கடி கேட்கிறது இதுதான்: "அக்கா, செகண்ட் ஹேண்ட்ல டி7200 கிடைக்குது, வாங்கலாமா?"

வாங்கலாம். ஆனா அதுகிட்ட எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக் கூடாதுன்னு தெரிஞ்சுக்கிட்டு வாங்கணும். 2015-ல வந்த நடுத்தர டிஎஸ்எல்ஆர் அது. புதுசா பழகுறவங்களுக்கான டி3300, டி5500-க்கு மேல, ஃபுல் ஃப்ரேம் கேமராவுக்குக் கீழ. ஒரே ஒரு விஷயத்தை மனசுல வச்சுக்கோ: உன் கண்ணு வியூஃபைண்டர்ல இருக்கிற வரைக்கும் இது அருமையான கேமரா. கண்ணை எடுத்துட்டு பின்பக்க ஸ்க்ரீனைப் பார்த்து எடுக்க ஆரம்பிச்சா திணறும்.

ஏன் அப்படி?

லென்ஸ் வழியா வர்ற வெளிச்சத்தை உள்ளே இருக்கிற கண்ணாடி மேலே திருப்பி உன் கண்ணுக்கு அனுப்புது. கொஞ்சம் வெளிச்சம் கண்ணாடியைத் தாண்டிக் கீழே இருக்கிற தனி ஃபோகஸ் சென்சாருக்குப் போகுது. லென்ஸ் எந்தப் பக்கம், எவ்வளவு திரும்பணும்னு அது உடனே கணக்குப் போட்டுச் சொல்லிடும். ஸ்க்ரீன்ல பார்த்து எடுக்க லைவ் வியூ போட்டா கண்ணாடி மேலே தூக்கிக்கும், அந்தச் சென்சாருக்கு வெளிச்சமே போகாது. அப்புறம் லென்ஸை முன்னும் பின்னும் ஓட்டிப் பார்த்துத்தான் ஃபோகஸ் பிடிக்கணும். அதனால கேமரா ரிப்பேர்னு பயந்துடாதே, அதோட அமைப்பே அதுதான்.

எதுக்கு நம்பலாம்?

* ஃபோகஸ்: 51 புள்ளிகள், படத்தோட ரெண்டு ஓரத்துக்கும் கிட்டப் பரவியிருக்கும். நடுவுல இருக்கிற 15-ம் கிராஸ் டைப், அதாவது குறுக்கு, நெடுக்கு ரெண்டு திசையிலயும் பார்த்து ஃபோகஸ் பிடிக்கும். மண்டபத்துல வெளிச்சம் கம்மியா இருந்தா ஓரப் புள்ளிகளை விட்டுட்டு இந்த 15-ல ஒண்ணை வச்சுக்கோ. தாலி கட்டுற நேரத்துல ஃபோகஸ் தேடிக்கிட்டு நிக்க முடியாது.

* வியூஃபைண்டர்: 100 சதவீதம் காட்டும். ஓரத்துல யாரோட கை நீட்டிக்கிட்டு இருக்குன்னு எடுக்கிறப்பவே தெரிஞ்சுடும்.

* ரெண்டு கார்டு ஸ்லாட்: கல்யாண வேலைக்கு நான் இதை வாங்கச் சொல்ற முதல் காரணம் இதுதான். மெனுவுல "பேக்கப்" போட்டுட்டா ஒவ்வொரு படமும் ரெண்டு கார்டுலயும் விழும். முகூர்த்தத்தை இன்னொரு தடவை நடத்தச் சொல்ல முடியாது. பின்னாடி 2017-ல வந்த டி7500-ல ஒரே ஸ்லாட்தான், ஞாபகம் வச்சுக்கோ.

* பேட்டரி: ஒரு சார்ஜுக்கு 1,110 படம்னு கணக்கு. கூட ஒரு பேட்டரி இருந்தா காலையில மாப்பிள்ளை அழைப்புல ஆரம்பிச்சுப் பந்தி முடியற வரைக்கும் கவலையில்லை.

* சென்சார்: 24.2 மெகாபிக்சல். ரா ஃபைல்ல எடுத்தா நிழல்ல மறைஞ்சதை நல்லா மீட்டெடுக்கலாம். வெள்ளை வேட்டியும் ஜரிகையும் வெளுத்துப் போகாத மாதிரி வெளிச்சத்தைக் கொஞ்சம் குறைச்சே எடு. முகத்தை அப்புறம் கம்ப்யூட்டர்ல தூக்கிக்கலாம். வெளுத்துப் போன ஜரிகை திரும்பி வராது.

எங்கே கைவிடும்?

* வீடியோ: ஃபுல் எச்டி வரைக்கும்தான், 4கே கிடையாது. நொடிக்கு 60 ஃப்ரேம் வேணும்னா படம் இன்னும் 1.3 மடங்கு கிராப் ஆகும். மைக்கும் ஹெட்ஃபோனும் மாட்ட இடம் உண்டு. ட்ரைபாட்ல வச்சு, ஃபோகஸைக் கையால வச்சுட்டு, ஒருத்தர் உட்கார்ந்து பேசறதை எடுக்கலாம். நடந்து வர்ற பொண்ணு மாப்பிள்ளையைத் தொடர்ந்து எடுக்க இதை நம்பாதே. உன் பொழைப்பே வீடியோதான்னா மிரர்லெஸ் பக்கம் போயிடு.

* ஸ்க்ரீன்: மடங்காது, திரும்பாது, தொட்டாலும் வேலை செய்யாது. தரையோட தரையா கோலத்தை எடுக்கணும்னா நீதான் படுக்கணும்.

* தொடர்ச்சியா எடுக்கிறது: நொடிக்கு 6 படம், 14 பிட் ராவுல 5. அந்த ராவுல 18 படம் எடுத்ததும் வேகம் விழுந்துடும். அட்சதை போடறப்ப பொத்தானை அமுக்கிப் பிடிச்சுக்கிட்டே இருக்காம, ரெண்டு மூணு படமா விட்டு விட்டு எடு.

* எடை: பேட்டரி, கார்டோட 765 கிராம். 18-140 லென்ஸ் மாட்டினா 1.25 கிலோ. நாள் முழுக்கக் கழுத்துல தொங்கவிடாதே, குறுக்கே போட்டுக்கிற பட்டை வாங்கிக்கோ.

காசை எதுல போடலாம்?

பாடியில மிச்சம் பிடிச்சு லென்ஸ்ல போடு. 18-140 லென்ஸை முழுசா ஜூம் பண்ணினா எஃப் 5.6 தான் கிடைக்கும். எஃப் 1.8 லென்ஸ் அதைவிட ஏறக்குறைய 10 மடங்கு வெளிச்சம் உள்ளே விடும். மண்டபத்து ட்யூப் லைட்ல ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம் முதல் படத்துலயே தெரியும்.

நிகான் 50 மிமீ எஃப் 1.8-ல "டி", "ஜி"ன்னு ரெண்டு வகை இருக்கு. "டி" வகைக்குள்ள மோட்டார் கிடையாது, பாடியில இருக்கிற மோட்டார்தான் அதைத் திருப்பணும். டி7200-ல அந்த மோட்டார் இருக்கு, டி3300, டி5500-ல இல்லை. அதனால விலை கம்மியான பழைய "டி" லென்ஸை நீ தாராளமா மாட்டலாம். ஆனா நாளைக்கு நிகான் மிரர்லெஸுக்கு மாறற எண்ணம் இருந்தா "ஜி" வகையையே வாங்கு. டிஎஸ்எல்ஆர் லென்ஸை மிரர்லெஸ்ல மாட்டற எஃப்டிஇசட் அடாப்டர்ல, மோட்டார் உள்ள ஜி லென்ஸ் தானா ஃபோகஸ் ஆகும், டி லென்ஸ் ஆகாது.

கடையில பார்க்க வேண்டியது

காசைக் கொடுக்கறதுக்கு முன்னாடி, கூச்சப்படாம நின்னு இதையெல்லாம் பாரு.

1. ஷட்டர் கவுண்ட் கேளு. எடுத்த ஜேபெக் ஃபைலைத் திருத்தாம அப்படியே ஷட்டர் கவுண்ட் பார்க்கிற சாஃப்ட்வேர்ல போட்டா எண்ணிக்கை வந்துடும். 1,50,000 தடவைக்குச் சோதிச்ச ஷட்டர் அது. அதை நெருங்கியிருந்தா விலையை நல்லாக் குறைச்சுக் கேளு.
2. மெனுவுல "பேட்டரி இன்ஃபோ" திற. பேட்டரி வயசு 0-ல இருந்து 4 வரைக்கும் காட்டும். 4-னா புதுசு வாங்கற செலவையும் சேர்த்துக்கோ.
3. எஃப் 16 வச்சு வெள்ளைச் சுவரை எடுத்துப் பெரிசாக்கிப் பாரு. கரும்புள்ளி தெரிஞ்சா சென்சார்ல தூசி. சுத்தம் பண்ணினா போயிடும், ஆனா பேரத்துக்கு உதவும்.
4. லென்ஸைக் கழட்டி, ஒரு பக்கத்துல இருந்து செல்ஃபோன் டார்ச்சை அடிச்சு மறுபக்கம் பாரு. சிலந்தி வலை மாதிரி மெல்லிசா இழை ஓடியிருந்தா அது ஃபங்கஸ். எவ்வளவு மலிவா வந்தாலும் அந்த லென்ஸ் வேண்டாம்.
5. ரெண்டு ஸ்லாட்லயும் கார்டு போட்டுப் பாரு. ஒரு "டி" லென்ஸ் மாட்டி மோட்டார் ஓடுதான்னும் பாரு.

வீட்டுக்கு வந்ததும்

ஃபோகஸ் சென்சாரும் படம் விழற சென்சாரும் வேற வேற இடத்துல இருக்கறதால, சில லென்ஸுக்கு ஃபோகஸ் இம்மி முன்னேயோ பின்னேயோ போய் விழும். பேப்பரைச் சாய்வா நிறுத்தி, ட்ரைபாட்ல கேமராவை வச்சு, வியூஃபைண்டர்ல பார்த்து நடுவுல ஒரு வரியில ஃபோகஸ் பண்ணி எஃப் 1.8-ல எடு. பெரிசாக்கிப் பார்த்தா எந்த வரி பளிச்சுன்னு இருக்குன்னு தெரியும். நீ வச்ச வரி மங்கலா இருந்து, கேமராவுக்குக் கிட்ட இருக்கிற வரி பளிச்சுன்னு இருந்தா ஃபோகஸ் முன்னாடி விழுது. "ஏஎஃப் ஃபைன் ட்யூன்" மெனுவுல -20-ல இருந்து +20 வரைக்கும் மாத்தி நேர் பண்ணலாம். ஒவ்வொரு லென்ஸுக்கும் தனித்தனியா கேமராவே ஞாபகம் வச்சுக்கும்.

சென்னை, கடலூர், தூத்துக்குடின்னு கடலோரத்துல இருக்கிறவங்க கேமராவைப் பீரோவுக்குள்ள பையோட வச்சுப் பூட்டாதீங்க. காத்துப்புகாத டப்பாவுல சிலிகா ஜெல்லோட வைங்க, ஜெல் நிறம் மாறினா மாத்துங்க. வாரத்துக்கு ஒரு தடவையாவது வெளிச்சத்துல எடுத்து நாலு படம் எடுங்க. பாடிக்கு சீல் இருக்குங்கறதால தூறலைத் தாங்கும், கொட்டற மழையில நிக்காது.

கடைசியா

2020-க்கு அப்புறம் நிகான் புது டிஎஸ்எல்ஆர் எதையும் அறிவிக்கலை. அதனாலதான் செகண்ட் ஹேண்ட் சந்தையில இவ்வளவு நல்ல பாடி நம்ம கைக்கு எட்டற விலையில வருது. வாங்கறதுக்கு முன்னாடி, அடுத்த ஒரு வருஷத்துல நீ செய்யப்போற வேலையை ஒரு தாள்ல எழுது. பாதிக்கு மேல ஃபோட்டோன்னா டி7200-ஐ வாங்கிட்டு, மிச்சப் பணத்தை ஒரு எஃப் 1.8 லென்ஸுலயும் ரெண்டாவது பேட்டரியிலயும் போடு. பாதிக்கு மேல வீடியோன்னா, இன்னும் ஆறு மாசம் காசு சேர்த்து மிரர்லெஸ் வாங்கு. உன் உழைப்புல வந்த காசு, உன் வேலைக்கு எது உதவுமோ அதுக்கே போகட்டும்.