மகவு இறந்தே பிறந்தபின் தாய்க்குரிய பராமரிப்பு

டாக்டர் ஆனந்திபாய் ஜோஷி 1887ஆம் ஆண்டு பிப்ரவரி 26ஆம் நாள் புனே நகரில் காலமானார். அப்போது அவருக்கு வயது இருபத்திரண்டு நிறையவில்லை. பதினான்காம் வயதில் அவர் ஈன்ற ஆண் மகவு பத்து நாட்களே வாழ்ந்தது. தக்க மருத்துவ உதவி கிட்டாமையால் நேர்ந்த அவ்விழப்பே அவரை அமெரிக்கா சென்று, 1886இல் மருத்துவப் பட்டம் பெறத் தூண்டியது. மகவை இழந்த தாயின் துயரம் சில நாட்களில் முடிவதன்று என்பதற்கு அவர் வாழ்க்கை சான்றாகும்.

உயிருடன் ஒரு நாளும் காணாது மகவை இழந்த தாயின் துயரும் அத்தகையதே. கருவுற்று 28 வாரங்கள் நிறைந்தபின் உயிர்க்குறியின்றிப் பிறப்பதையே நாடுகளை ஒப்பிடுங்கால் 'இறந்து பிறத்தல்' எனக் கணக்கிடுகின்றனர். பிரசவித்த தாய்க்கு வேண்டும் கவனிப்பனைத்தும் இத்தாய்க்கும் வேண்டும்.

மகாராஷ்டிரத்தின் கட்சிரோலி மாவட்டத்தில் டாக்டர் அபய் பங், டாக்டர் ராணி பங் ஆகியோர் வகுத்த முறையைத் தழுவி, சிசுவை வீட்டிலேயே கவனிக்கும் திட்டம் 2011இல் நாடெங்கும் தொடங்கப்பெற்றது. இதன்படி மருத்துவமனையில் பிரசவமாயின் 3, 7, 14, 21, 28, 42ஆம் நாட்களில் ஊழியர் வீட்டிற்குச் செல்லுதல் வேண்டும். குழந்தையில்லா வீட்டிற்குச் சென்று என்ன பேசுவதென ஊழியர் தயங்குதல் இயல்பே. எனினும் அத்தயக்கத்தால் தாய் கவனிப்பாரின்றி விடப்படலாகாது.

உடல்நிலையில் கவனிக்க வேண்டியவை: மிகுந்த உதிரப்போக்கு, காய்ச்சல், துர்நாற்றமுள்ள கசிவு, கடுந்தலைவலி, கால் வீக்கம் ஆகியவற்றுள் எது காணினும் உடனே மருத்துவமனைக்கு அனுப்புக. தாயின் இரத்தம் ஆர்.எச். நெகட்டிவ் ஆயின், 72 மணி நேரத்திற்குள் ஆன்டி-டி ஊசி தேவையா என மருத்துவரைக் கேட்டறிக. இரண்டு மூன்று நாட்களில் பால் சுரக்கும். இதனை முன்னரே கூறாவிடில் தாய் பெரிதும் கலங்குவாள். மார்பைத் தாங்கும் ஆடையும் குளிர்ந்த ஒத்தடமும் வலியைத் தணிக்கும். பால் வற்றச் செய்யும் மாத்திரை இரத்தக் கொதிப்புள்ளவர்க்குத் தீங்கு தரக்கூடும். மருத்துவர் சொல்லின்றி அதனை உட்கொள்ளலாகாது.

மனத்திற்குரிய கவனிப்பும் மருத்துவமே. மகவைக் காணவும், ஏந்தவும், பெயரிடவும் விருப்பமுண்டா எனப் பெற்றோரைக் கேளுங்கள். வற்புறுத்தலும் வேண்டா, மறைத்தலும் வேண்டா. 'அடுத்த குழந்தை பிறக்கும், விடு' எனல் ஆறுதலாகாது. 'உங்கள் குழந்தைக்காக வருந்துகிறேன்' என்று கூறி, அவள் பேசுவதைக் கேட்பதே ஆறுதல். கணவரும் துயருறுகிறார் என்பதை மறவாதீர். இரண்டு வாரங்களுக்கு மேலும் உறக்கமும் உணவுமின்றி வாடினால் மருத்துவரிடம் அனுப்புக. சாக விரும்புவதாகக் கூறினால் அவளைத் தனியே விடாது, அன்றே அழைத்துச் செல்க. 14416 என்னும் எண்ணில் டெலி-மானஸ் தொலைபேசி உதவியும் உண்டு.

கிரகணம், உணவு, ராசி என்று கூறித் தாயைப் பழிப்பது பெருந்தீங்காகும். இரத்தக் கொதிப்பு, நீரிழிவு, தொற்றுநோய், நஞ்சுக்கொடி முன்னரே பிரிதல், பிரசவத்தில் பிராணவாயுக் குறைவு ஆகியவை அறியப்பட்ட காரணங்கள். முழுச் சோதனைக்குப் பின்னும் சிலவற்றிற்குக் காரணம் விளங்குவதில்லை. ஆசிரியர்கள் பெற்றோர் கூட்டங்களில் இதனை எடுத்துரைக்கலாம். தம்பி தங்கையை எதிர்நோக்கியிருந்து ஏமாந்த மாணவனின் வாட்டத்தையும் உணர்ந்து நடத்தல் நலம்.

1969ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம், இறந்து பிறந்ததையும் பதியுமாறு விதிக்கிறது. 1961ஆம் ஆண்டின் மகப்பேற்று நலச் சட்டம் 'குழந்தை' என்னும் சொல்லிலேயே இறந்து பிறந்த மகவையும் அடக்கிற்று. சட்டம் குழந்தையெனக் கொண்டதை நாமும் அவ்வாறே கொள்ளுதல் முறை. ஆதலின் ஊழியரே, குறித்த நாளில் அவ்வீட்டின் கதவைத் தட்டுங்கள். அங்கே உங்களுக்காக ஒரு தாய் இருக்கிறாள்.