இதயத்தின் தாளம் ஏன் தவறுகிறது?

தண்டவாளத்தோடும் சிக்னலோடும் காலம் தள்ளிய ரயில்வே ஆசாமிக்கு இதயத்தைப் பற்றி எழுத என்ன தகுதி என்று அன்பர்கள் கேட்கலாம். மூன்றாண்டுகளுக்கு முன், ஒரு கல்யாண விருந்தை ஒரு பிடி பிடித்துவிட்டுப் படுத்த இரவு, என் நெஞ்சு தாறுமாறாகப் படபடத்தது. அதுதான் தகுதி. 'வாயு' என்றேன் நான். மனைவி மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்து, "இதென்ன, ஒரு கணக்கும் இல்லாமல் அடிக்கிறதே!" என்று அப்போதே ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்றார் டாக்டர்.

வலது மேலறையில் உள்ள சைனஸ் கணுதான் இதயத்தின் கண்ட்ரோல் ரூம். பிரிட்டனில் கீத், ஃபிளாக் என்ற இருவர் 1907-இல் இதை விவரித்தார்கள். நிமிடத்துக்கு 60 முதல் 100 வரை மின் அலைகளை இது அனுப்புகிறது. பிளாக் செக்ஷனில் ஒரு வண்டி இருக்கையில் அடுத்ததற்கு லைன் கிளியர் கிடையாதல்லவா? அதுபோல், ஓர் அலை கடந்த இடத்துத் தசை கணநேரம் அடுத்ததை ஏற்காது. இந்த ஓய்வுதான் பாதுகாப்பு.

இதைக் கெடுப்பவற்றில் ஒன்று இழுவிசை. நாள்பட்ட இரத்த அழுத்தத்தாலோ, ருமாட்டிக் காய்ச்சலால் குறுகிய மைட்ரல் வால்வாலோ இடது மேலறை விரிகிறது. இழுத்தாலே திறக்கும் நுண் வாயில்கள் செல்களின் உறையில் உண்டு. அவை வழியே அயனிகள் புகுந்து, கணு அனுப்பாத துடிப்பு கிளம்பலாம். நாளடைவில் நார்த்திசு படிந்துவிட்டால், காஷன் ஆர்டர் போட்ட லைன் மாதிரி அங்கே அலை மெதுவாகும். சுற்றிச் சுற்றியும் வரும். நுரையீரல் சிரைகள் மேலறையில் சேரும் வாயில்களிலிருந்தே பெரும்பாலும் கோளாறு கிளம்புகிறது என்று பிரான்சின் போர்தோ நகர மருத்துவர்கள் 1998-இல் காட்டினார்கள்.

மற்றொன்று நரம்பு. வேகஸ் நரம்பு இதயத்தை நிதானப்படுத்துவதுதான். ஆனால் மேலறைத் தசையின் ஓய்வு நேரத்தையும் குறைத்துவிடுகிறது, அதுவும் இடத்துக்கு இடம் வேறாக. முன்வண்டி போகுமுன் லைன் கிளியர் கொடுத்த கதை! சிலருக்குத் தூக்கத்திலும் வயிறு நிறையச் சாப்பிட்ட பிறகும் இது தொடங்குவது இதனால்தான். உழைப்பிலும் கோபத்திலும் முடுக்கிவிடும் சிம்பதெடிக் நரம்போ செல்லுக்குள் கால்சியத்தைக் கூட்டி உபரித் துடிப்புகளைத் தூண்டுகிறது.

படபடப்பைவிடப் பெரிய ஆபத்து வேறு. மேலறை சுருங்காமல் வெறுமனே நடுங்குவதால் இரத்தம் தேங்கி உறையும். அந்தக் கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். படபடப்பு நின்றதே என்று இரத்தம் உறையாமைக்கான மாத்திரையை நானாக நிறுத்தி, டாக்டரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். நமக்குத் தெரியாமலே அது வந்து போகுமாம்.

கட்டைவிரலுக்குக் கீழே மணிக்கட்டில் இரண்டு விரல் வைத்து, ஒரு நிமிடம் முழுதாக எண்ணிப் பாருங்கள். எண்ணிக்கையோடு இடைவெளியையும் கவனியுங்கள். ஒழுங்கே இல்லையென்றால், அப்படி இருக்கும்போதே ஈ.சி.ஜி. எடுத்துவிட வேண்டும், நின்ற பிறகு எடுத்தால் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது.