பல், கண், காது: மூன்றுக்கும் ஒரே பாலிசியா?

கேள்வி: அம்மாவுக்கு 68 வயது. பாதிப் பல் இல்லை, கண்ணில் புரை, காதும் மந்தம். மூன்றுக்கும் சேர்த்து ஒரு இன்சூரன்ஸ் எடுத்துவிடலாமா?
– வாசகர், செம்மேடு, கொல்லிமலை

பதில்: அவசரப்பட வேண்டாம். பெரும்பாலான மருத்துவ பாலிசிகளில் பல்செட், மூக்குக்கண்ணாடி, காது மெஷின் மூன்றும் விலக்குப் பட்டியலில்தான் இருக்கும். கண்புரை அறுவைக்கு உண்டு. அதற்கும் பொதுவாக 2 ஆண்டுக் காத்திருப்பு. புரை விழுந்த பிறகு பிரீமியம் கட்டிக்கொண்டு காத்திருப்பானேன்? அரசு மருத்துவமனையில் லென்ஸ் வைத்து இலவசமாகவே செய்கிறார்கள். 70 கொண்டை ஊசி வளைவு இறங்கி நாமக்கல் போய்வரும் பாடுதான் பெரும்பாடு. அறுவைக்குப் பின் சொட்டு மருந்து விட ஆள் வேண்டும், துணைக்குப் போங்கள்.

காதுக்கும் பல்லுக்கும், 2017-இல் தொடங்கிய மத்திய அரசின் ராஷ்ட்ரிய வயோஸ்ரீ யோஜனா இருக்கிறது. 60 வயது தாண்டி, வறுமைக்கோட்டுக்குக் கீழே அல்லது மாத வருமானம் 15,000 ரூபாய்க்குள் இருப்பவர்களுக்குக் காது மெஷின், பல்செட், கண்ணாடி இலவசம். முகாம் வைத்துத்தான் தருவார்கள். அடுத்த முகாம் எப்போது என்று ஆட்சியர் அலுவலகத்தில் கேளுங்கள்.

குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்றால் முதலமைச்சர் காப்பீட்டு அட்டையையும் வாங்கிவையுங்கள். அது பல்செட்டுக்கு அல்ல, பெரிய நோய்க்கு.