எச்சரிக்கை விளக்கு

சேலத்திலிருந்து நாமக்கல் செல்லும் நெடுஞ்சாலைக்கு அருகில் அமைந்த ஊர் பனமரத்துப்பட்டி. இவ்வட்டாரத்து மக்களுக்கு லாரி புதியதன்று. லாரிக்குப் பாடி கட்டும் தொழிலால் நாமக்கல்லும், ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகளால் திருச்செங்கோடும் நாடெங்கும் பெயர் பெற்றுள்ளன. இவ்வண்டிகளை நம்பி வாழும் குடும்பங்கள் பல. ஆகவே, வண்டியில் நேரும் மின்பழுதைக் கண்டறியும் முறையை நாமும் தெரிந்துகொள்ளுதல் நன்று.

பெரிய லாரிகளில் 12 வோல்ட்டு பேட்டரிகள் இரண்டு தொடராக இணைந்து 24 வோல்ட்டு தருகின்றன. ஜீப் போன்ற வண்டிகளுக்கு 12 வோல்ட்டே போதும். எஞ்சின் ஓடும்போது பெல்ட்டினால் சுழலும் ஆல்டர்னேட்டர் மின்சாரத்தை உண்டாக்கி, விளக்குகளுக்கு வழங்குவதோடு பேட்டரியையும் நிரப்புகிறது. மின்சாரம் விளக்குக்குச் செல்ல ஒயர் உண்டு. திரும்பி வருவதற்கோ, பெரும்பாலும் வண்டியின் இரும்புச் சட்டமே வழியாகும். இதனை எர்த் என்பர்.

சாவியைத் திருப்பியதும் ஓட்டுநருக்கு எதிரேயுள்ள பலகையில் சில விளக்குகள் எரியும். எஞ்சின் ஓடியதும் அவை அணையும். அவ்வாறு தொடக்கத்திலேயே எரியாத விளக்கு, ஆபத்து வரும்போதும் எரியாது. அது வாய்பேசாக் காவலனை ஒக்கும். ஓடும் வண்டியில் சிவப்பு விளக்கு எரிந்தால், பாதுகாப்பான இடத்தில் உடனே நிறுத்துதல் வேண்டும். மஞ்சள் விளக்கு எரிந்தால், காலம் தாழ்த்தாது கவனித்தல் வேண்டும்.

நள்ளிரவில் சரக்கேற்றி வரும் லாரியில் பேட்டரி வடிவமுள்ள சிவப்பு விளக்கு எரிகிறது எனக் கொள்வோம். "பேட்டரிதானே! ஊர் சென்று மாற்றிக்கொள்ளலாம்" என எண்ணுவது பிழை. பேட்டரிக்கு மின்சாரம் வந்து சேரவில்லை என்பதே பெரும்பாலும் அதன் பொருள். எஞ்சினை நிறுத்தி, முதலில் பெல்ட்டைப் பார்த்தல் வேண்டும். பல எஞ்சின்களில் அதே பெல்ட்டே குளிர்நீர்ப் பம்பையும் சுழற்றுகிறது. அஃது அறுந்தபின் வண்டியை ஓட்டினால் எஞ்சின் கொதித்துக் கெடும். பெல்ட் நன்றாயிருப்பின் வோல்ட் மீட்டரால் அளந்தறியலாம். எஞ்சின் ஓடும்போது 24 வோல்ட்டு வண்டியில் ஏறத்தாழ 28 வோல்ட்டு காட்ட வேண்டும். அவ்வளவுக்கு உயரவில்லையெனில் ஆல்டர்னேட்டரையோ அதன் ஒயரையோ ஆராய்தல் வேண்டும். ஆராயாமல் புதிய பேட்டரி வாங்கினால் பணமே வீணாகும்.

சைகை விளக்கைப் போட்டதும் பின்விளக்கும் சேர்ந்து மினுக்குகின்றதா? பல்பை மாற்றுமுன் எர்த் இணைப்பைப் பார்க்க. அங்கே துரு படிந்திருந்தால், மின்சாரம் திரும்ப வழியின்றி மற்றொரு விளக்கின் வழியே செல்லும். துருவைச் சுரண்டி இறுக்கினால் பழுது நீங்கும்.

பியூஸ் அடிக்கடி உருகுவதைக் கண்டு, அதற்குப் பதிலாகச் செம்புக் கம்பியைச் சுற்றுவோரும் உளர். இது பெருந்தீங்காகும். ஒயர் எரியாமல் காக்கவே பியூஸ் தான் உருகுகின்றது. அக்காவலை நீக்கினால் ஒயர் சூடேறித் தீப்பற்றும். சரக்கும் வண்டியும் மட்டுமின்றி, உள்ளே உறங்கும் கிளீனரின் உயிரும் போகலாம். எந்த ஒயர் எங்கே உராய்ந்து இரும்பைத் தொடுகிறது என்று தேடிச் சீர்செய்தபின், அதே அளவுள்ள பியூஸையே இடுதல் வேண்டும்.

இக்கால வண்டிகளில் கணிப்பொறியே பழுதைக் குறித்து வைக்கின்றது. மெக்கானிக் ஸ்கேனர் கொண்டு அக்குறியைப் படிக்கிறார். எனினும், அக்குறி பழுது நேர்ந்த பகுதியைச் சுட்டுமேயன்றி, காரணத்தை முழுவதும் உரைக்காது. ஓர் இணைப்பில் புகுந்த நீரும் அதே குறியை எழுப்பக்கூடும். ஆகவே, கருவி வந்தபின்னும் ஆராயும் அறிவு வேண்டற்பாலதே.

மருத்துவன் நோயை அறிந்து, அதன் காரணத்தைத் தேடி, பின்னரே தீர்க்க முற்பட வேண்டும் என்று மருந்து என்னும் அதிகாரத்தில் வள்ளுவர் கூறுகிறார். வண்டிக்கும் அம்முறையே பொருந்தும். எச்சரிக்கை விளக்கு நம்மைத் தொல்லை செய்ய எரிவதன்று. குற்றம் கண்டவிடத்து எடுத்துரைக்கும் நண்பனைப் போன்றது. அதன் சொல்லைக் கேட்போர் நலமே வீடு சேர்வர்.