தாய்ப் பன்றிக்கு எண்ணெய் எப்போது?

விக்கிரவாண்டி, திண்டிவனம் வட்டாரங்களில் மணிலாவும் நெல்லும் விளைவதால், பன்றிகளுக்குப் பிண்ணாக்கும் தவிடும் கிடைக்கின்றன. ஆயினும் பிறந்த மூன்று நாட்களுக்குள் குட்டிகள் சாவதே வளர்ப்போருக்குப் பெரும் நட்டம். பிறந்த குட்டியின் உடலில் கொழுப்பு ஏறக்குறைய 2 சதவீதமே. சீம்பால் தாமதித்தால் உடல் குளிர்ந்து, சோர்ந்து, தாயின் அடியில் நசுங்கிவிடும்.

பன்றியின் சினைக்காலம் சுமார் 114 நாட்கள். இணை சேர்த்த தேதியைக் குறித்து வைத்து, 106ஆம் நாளிலிருந்து சமையல் எண்ணெயைத் தீவனத்தில் பிசறிக் கொடுக்கலாம். முதல் இரு நாட்கள் 75 கிராம், பிறகு தினம் 150 கிராம். ஈனுவதற்குள் சுமார் 1 கிலோ சேர்ந்துவிடும். பாலில் கொழுப்பு கூடும். ஈன்ற பிறகு தொடங்கினால் முதல் நாட்களில் சாகும் குட்டிகளுக்கு உதவாது.

பத்துக்கு ஒன்பது குட்டி பிழைக்கும் கொட்டிலில் இந்தச் செலவு தேவையில்லை. பத்துக்கு இரண்டுக்கு மேல் சாகும் இடத்தில்தான் பலன் தெரியும்.

கடலை எண்ணெய் விலை கட்டாதவர்கள் தவிட்டெண்ணெய் வாங்கலாம். புதிதாக அரைத்த தவிட்டிலும் எண்ணெய்ச் சத்து உண்டு. எண்ணெய் எடுத்த தவிட்டில் இல்லை. சிக்கு வாடையடிக்கும் எண்ணெய் மலிவென்றாலும் வேண்டாம். பூசணம் பிடித்த மணிலாப் பிண்ணாக்கின் நச்சு பால்வழியே குட்டிக்கும் போகும்.

மெலிந்த குட்டிகளைப் பால் அதிகமுள்ள முன்காம்புகளில் விட்டு, மார்கழிக் குளிரில் உலர்ந்த வைக்கோலும் குண்டு பல்பின் சூடும் கொடுக்க வேண்டும்.